லிட்டருக்கு இருபது மில்லி

நான் இப்போது குடியிருக்கும் நாட்டில் வீட்டுக்கு முன்னால் புல் வளர்ந்துவிட்டால் கடிதம் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெல்போர்ன் நகரம் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு இருக்கிறது. கோடை வருவதற்கு முன்பு கவுன்சில் ஆள் ஒருவர் காரில் ஊர்ந்து வந்து, எந்த வீட்டுப் புல் முழங்காலைத் தொடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். காட்டுத்தீ பயம். வந்த புதிதில் அப்படியொரு கடிதத்தின் உறையைப் பார்த்ததும், பிரிக்காமலே மனைவியிடம் நீட்டினேன். அரசாங்க முத்திரை போட்டு எது வந்தாலும், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு என்றுதான் எழுதியிருக்கும் என நம்பிய காலம் அது. என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "புல்லு வெட்டச் சொல்றாங்க, அவ்வளவுதான். அதுக்கு எதுக்குங்க உங்களுக்கு இப்பிடி வேர்த்து ஊத்துது?" என்றாள்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது முழுக்க என் பயத்தின் கதைதான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி நான். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மனைவி நர்ஸ். அவளுக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. நான் அவளுடைய பெட்டிகளோடு சேர்ந்து வந்தவன். என் அனுபவத்தை இங்கே யாரும் சீண்டவில்லை. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து சாம்பார் வைத்த பிறகு, டெரி என்று ஒருவர் தன் புல்வெட்டும் தொழிலுக்கு ஆள் தேடுகிறார் எனத் தெரிந்து போய் நின்றேன். ஊருக்கு போன் செய்தபோது "லேண்ட்ஸ்கேப் துறையில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேன். பதினான்கு வருடமாக அதையே சொல்கிறேன்.

புல்வெட்டும் இயந்திரத்தை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். தோளில் மாட்டிக்கொண்டு நீளமான கம்பியின் முனையில் சுழலுகிற பிளேடாலோ நைலான் நரம்பாலோ புல்லைச் சீவுவது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். காரில் இருப்பதுபோல ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை, கரி. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அவ்வளவுக்குள்தான் என் மானம் மரியாதை எல்லாம் போய்வந்தது.

டெரியிடம் சேர்ந்த முதல் வாரத்தில் என்னைப் பெட்ரோல் கலக்கச் சொன்னார். நான் ஊர்க் கணக்கில், மொபெட்டுக்கு ஊற்றுகிற நினைப்பில், கண்ணளவாக ஊற்றிக் குலுக்கினேன். "ஃபிப்டி டு ஒன்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம், சரி என்றும் அர்த்தம், நீங்கள் பேசுவது காதில் விழுகிறது என்றும் அர்த்தம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் தோட்டம் முழுக்கப் புகை. காயப்போட்ட துணியெல்லாம் ஆயில் நாற்றம். டெரி என்னை அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினார். அவர் சொன்ன வார்த்தைகளில் பாதி எனக்கு அன்று புரியவில்லை, புரியாததே நல்லது. பிறகு கறுப்பு மார்க்கரால் கேனில் பெரிதாக ஐம்பதுக்கு ஒன்று என்று எழுதி என் முன்னால் தொப்பென்று வைத்தார். லிட்டருக்கு இருபது மில்லி. அன்றிலிருந்து அது எனக்குக் கந்த சஷ்டி கவசம் மாதிரி ஆகிவிட்டது. டெரி ஓய்வு பெற்று, தொழில் என் கைக்கு வந்த பிறகும் இருபதை இருபத்தொன்று ஆக்கியவன் இல்லை நான்.

இங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். புல் வளராது, எனக்கும் வேலை இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வருவேன். போன தடவை மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் இருபது நாளைக்கு வந்தேன். கிணத்துக்கடவில் என் அக்கா சரசுவின் வீட்டில்தான் இறங்குவது. அப்பா அம்மா இல்லாத இந்த வருடங்களில் எனக்கு ஊர் என்றால் சரசக்காதான். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோவை நிறுத்தியபோது அக்கா வெளியே வந்தாள். சேலைக்கு மேல் மச்சானின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் கம்பூட்ஸ், கழுத்தில் துண்டு. எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"வா கண்ணு. என்ன இப்பிடி எளச்சுப் போய்ட்ட? வா வா, ஊட்டுக்குள்ள போலாம்" என்று பெட்டியைப் பிடுங்கினாள். கையெல்லாம் பெட்ரோல் வாசம்.

மச்சானுக்கு இரண்டு வருடம் முன்பு முதுகெலும்பில் அடி. அவர் பார்த்துவந்த தென்னந்தோப்புப் புல் வெட்டும் வேலையை அவள் எடுத்துச் செய்வதாக போனில் சொல்லியிருந்தாள். நான் அதை ஆள் வைத்துச் செய்வதாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இவளே இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? "ஆளு ஆரு வர்றாங்க இப்ப? நானே வெட்டிப்போடறேன்" என்றாள், சோறு வடிப்பதைச் சொல்வதுபோல. அந்த நேரத்தில் பன்னிரண்டு ஏக்கர் தோப்பு ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை தேங்காய் பறிக்க ஆள் வருகிறார்கள். அதற்குள் புல் முழுக்க வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுகிற காய் புல்லுக்குள் போய்விடும். முடித்துக் கொடுத்தால் அந்தத் தோப்புக்காரரின் வருடம் முழுவதற்குமான வேலை இவளுக்கு. சொன்ன தேதி தவறினால் டிராக்டர் வைத்திருக்கிற இன்னொருத்தருக்கு. வீட்டில் வேறு வரும்படி கிடையாது. அந்த ஒரே இயந்திரத்தின் மேல்தான் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் பெட்ரோல் கலப்பதைப் பார்த்தேன். ஐந்து லிட்டர் கேன். ஆயில் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து பாக்கெட் பிழிந்தாள். பாக்கெட்டுக்கு நாற்பது மில்லி. இயந்திரத்தைக் கிளப்பியதும் புகை சுழன்று அவள் முகத்திலேயே அடித்தது. இருமினாள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி இருமினாள். "இதென்னக்கா இருமல்?" என்றால், "அது காத்துக்கு அப்பிடித்தான், ஆடி போனாச் செரியாப் போயிரும்" என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மடங்கு ஆயில். தினம் எட்டு மணி நேரம் அந்தப் புகையை விழுங்குகிறாள்.

பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் ஊருக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். நான் அவற்றோடு அளவுக்கோடு போட்ட கலவைப் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்திருந்தேன். பெட்ரோலுக்கு ஒரு கோடு, ஆயிலுக்கு ஒரு கோடு, விகிதம் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். நடுவீட்டில் வைத்து அக்காவுக்கு வகுப்பு எடுத்தேன். ஐம்பதுக்கு ஒன்று. லிட்டருக்கு இருபது மில்லி. உலகம் முழுக்க இப்படித்தான். நீ ஊற்றுவது அநியாயம், நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? கட்டிலில் சாய்ந்திருந்த மச்சான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மோட்டுவளையைப் பார்த்தார்.

"சரி கண்ணு. அங்கெல்லாம் பாத்துச் செஞ்சவன், நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

அதிலிருந்து தினமும் காலை கலக்குவது என் வேலை. ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி, கண்ணுக்கு நேராகப் பாட்டிலைப் பிடித்து, கோட்டுக்குச் சரியாக. அக்கா கேனை வாங்கி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போவாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பதினான்கு வருடம் அன்னிய மண்ணில் கற்றது கடைசியில் என் அக்காவுக்கு உதவியாக வந்து முடிந்ததே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஐந்தாவது நாள் கோயம்புத்தூர் போனேன். ஆர்.எஸ்.புரத்தில் மனைவிக்குப் பட்டுச்சேலை எடுக்க வேண்டும். வேண்டிய நிறத்தை அவள் போட்டோவாக அனுப்பியிருந்தாள், கடையில் இருந்த எந்த நிறமும் அந்த நிறம் இல்லை. ஒருவழியாக ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பும்போது உக்கடம் பக்கம் இயந்திர உதிரிபாகக் கடை ஒன்றைப் பார்த்தேன். அக்காவுக்கு நைலான் நரம்பு ஒரு சுருள் வாங்கலாம் என்று ஏறினேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர்.

"சொல்லுங்க. எந்த மிசினுக்குங்க?"

போனில் படத்தைக் காட்டினேன். "நல்ல மிசினுங்க. மாடாட்ட ஒழைக்கும். ஆயில் மட்டும் பாத்து ஊத்தோணும்" என்றார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கிட்டேங்க. லிட்டருக்கு இருபது மில்லி, அளந்து ஊத்தறேன்" என்றேன். குரலில் கொஞ்சம் ஆஸ்திரேலியாவும் இருந்தது.

அவர் நரம்புச் சுருளை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "உக்காருங்க. டீ சாப்படறீங்களா?" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் சம்பந்தமில்லாமல் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் நல்ல செய்தி வராது. வேண்டாம் என்றேன். அவர் இருமிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இருவது மில்லிங்கறது வெளிநாட்டு மிசினுக்கு, அதுக்குன்னு இருக்கற ஒசந்த ஆயிலுக்குங்க. இங்க எல்லாரும் ஊத்தறது நம்ம வண்டிக்கு ஊத்தற சாதா ஆயிலுங்களே. இந்த மிசினுக்கு நாப்பது ஊத்தோணுமுங்க. இருவத்தஞ்சுக்கு ஒண்ணு. பெட்டி மேலயே போட்டிருப்பானுங்க, பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. பெட்டி பரண்மேல்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன் எதற்காகப் பெட்டியைப் பார்க்கப் போகிறான்?

"அதுவுமில்லாம இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேறைங்க. சூடு எச்சா ஏறும்" என்று சொல்லி, மேசைக்குக் கீழே இருந்து ஒரு பிஸ்டனை எடுத்து வைத்தார். பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோலக் கோடு கோடாகக் கீறல். "இப்பிடித்தானுங்க ஆகும். மொத நாலு நாள் நல்லாத்தான் ஓடும். அப்பறம் ஒரு நாளைக்குப் படக்குனு நின்னு போயிரும்."

"நின்னா?"

"சிலிண்டர் போரு, பிஸ்டன் ரெண்டும் மாத்தோணுமுங்க. இந்த மாடலுக்கு இப்ப எங்கயும் ஸ்டாக் இல்லீங்க. வர்றதுக்குப் பத்து நாளாவது ஆகும்."

அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலையில் தேங்காய் பறிக்க ஆள் வருகிறார்கள். நான் கலந்து கொடுத்த பெட்ரோலில் இயந்திரம் அந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தது. நரம்புச் சுருளை வாங்கினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ரோட்டில் இறங்கி அக்காவுக்கு போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? மறுபடி, மறுபடி. மச்சானுக்கு அடித்தேன். "அவ தோப்புல இருப்பாளே மாப்ள. சாப்பாட்டு நேரத்துலதான் போனை எடுப்பா. ஏன், சேலை கெடைக்கலையா?" என்றார். சேலையாம். போனை வைத்துவிட்டேன்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதுவும் ஒரு தண்டனைதான். ஒவ்வொரு நிறுத்தமும் தெரிந்தது. ஏறுகிறவர்களெல்லாம் சாவகாசமாக ஏறினார்கள். ஒரு அம்மா கண்டக்டரிடம், இந்தப் பஸ் உடுமலைப்பேட்டை போகுமா, போகாவிட்டால் எது போகும், அது எப்போது வரும் என்று விசாரித்து முடிக்கும்வரை வண்டி நின்றது. என் காதுக்குள் அந்த இயந்திரம் ஓடியது. ஆயில் குறைந்தால் முதலில் சத்தம் மெலிந்து கூர்மையாகும், பிறகு இழுவை குறையும், பிறகு ஒரு கணத்தில் அடங்கிவிடும். எனக்கு அந்த அடங்குகிற கணம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அக்கா கயிற்றை இழுப்பாள். வராது. மறுபடி இழுப்பாள். சாமியே என்று சொல்லி வானத்தைப் பார்ப்பாள்.

இதற்கு முன்பும் ஒருமுறை ஓர் இன்ஜினைக் கொன்றவன் நான். பத்தொன்பது வயது. அப்பாவின் மொபெட்டுக்குப் பெட்ரோல் போடப் போனேன். அப்போதெல்லாம் பங்க்கில் "ஆயிலோடு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னால்தான் அந்தச் சின்ன கண்ணாடிக் குடுவையிலிருந்து ஆயில் இறக்குவார்கள். எனக்குப் பின்னால் கல்லூரியில் கூடப் படித்த ஒரு பெண் ஸ்கூட்டரில் நின்றாள். ஆயில் என்ற சொல்லை அவள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டேனோ, மறந்தே போனேனோ, இன்றுவரை தெரியாது. கிணத்துக்கடவு ரயில்வே கேட் பக்கத்தில் வண்டி கட்டிப் பிடித்து நின்றது. தையல் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். நடுரோட்டில் வைத்துத் திட்டினாள் பாருங்கள், கேட் திறக்கக் காத்திருந்த லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். "வாயி என்ன வாடகைக்கா உட்டிருக்கற? ஆயிலுன்னு ஒரு சொல்லு சொல்ல முடியாதாடா உனக்கு?" திட்டி முடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியின் பின்னால் கை வைத்தாள். வீடு வரைக்கும் தள்ளினோம். வீட்டில் அப்பாவிடம் இன்னொரு தடவை, முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டினாள்.

பஸ்ஸில் அதை நினைத்தபோது எனக்குப் பயம் கூடியது, கூடவே ஒரு விபரீதமான ஆறுதலும் வந்தது. திட்டட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும் முருகா.

கிணத்துக்கடவில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோப்பு முனையில் நிறுத்தினேன். காற்றில் தென்னை மட்டைகள் அடித்துக்கொள்ளும் சத்தம். வேறு சத்தம் இல்லை. இயந்திரச் சத்தம் இல்லவே இல்லை. சேலைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினேன். நாற்பத்தாறு வயதில், புதுச் செருப்போடு, வெட்டிய புல் மேல் ஓடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

மோட்டார் ரூமுக்கு முன்னால் அக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழனியம்மா. வெட்டிய புல்லைத் தன் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதற்காகத் தினம் கூட வருகிறவள். இயந்திரம் மரத்தில் சாய்ந்திருந்தது.

"நின்னு போச்சாக்கா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"எது?"

"மெஷின். நின்னு போச்சா?"

"டீ குடிக்க நிறுத்துனேன். ஏண்டா கண்ணு, என்னாச்சு? ஊட்டுல மச்சானுக்கு ஏதாச்சும்…?" என்று எழுந்தே விட்டாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கடை, டீ, பிஸ்டன், பெட்டியில் போட்டிருந்த இருபத்தைந்துக்கு ஒன்று. தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா, அந்தப் பெட்ரோலைக் கீழே ஊற்று, இனிமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதே என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழனியம்மாதான் சிரித்தாள்.

"அட சாமி, இதுக்கா இப்பிடி ஓடி வந்தீங்க? மொத நாளே அம்மணி பாக்கெட்டுப் பிரிச்சு எச்சா ஊத்திப்போட்டாங்களே. தெனமும் இங்க வந்து ஊத்திக்கிட்டுத்தான் மிசினையே தொடுவாங்க."

மோட்டார் ரூம் ஜன்னல் மேல் பார்த்தேன். காலிப் பாக்கெட்டுகள், காற்றில் பறக்காமல் ஒரு கல்லை வைத்து அடுக்கியிருந்தன. நான் கோட்டுக்குச் சரியாக அளந்து கொடுத்தனுப்பிய ஒவ்வொரு கேனுக்கும் இரண்டு, மூன்று பாக்கெட். இயந்திரம் நன்றாக இருந்தது. பன்னிரண்டு ஏக்கரில் மூன்றுதான் பாக்கி, ஞாயிறு மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றாள் அக்கா. எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் மனசு பொக்கென்று போனது.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?"

"நான் கலக்கறது தப்புன்னு."

அவள் டம்ளரில் மிச்சமிருந்த டீயை மண்ணில் ஊற்றினாள். "நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற. இருக்கறது இருவது நாளு. அத்தனை ஆசையா அளந்து அளந்து ஊத்திக் குடுக்கற. அதுல போயி நொட்டை சொல்லுவாங்களா? ஒரம்பரைக்கு வந்த எடத்துல உன்ற மனசு நோகக்கூடாதில்ல."

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி, வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர். சம்பந்தி ஒரம்பரை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஒரம்பரை. அக்கா அதை அன்பாகத்தான் சொன்னாள், அவள் முகத்தில் வேறொன்றும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. வெளிநாட்டில் எத்தனையோ முறை, நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், ஒருநாளும் இப்படி வலித்ததில்லை. இருமலுக்குக் காற்றைக் காரணம் சொன்னதும் இதற்காகத்தானா? என் மனசு நோகக்கூடாது என்று இன்னும் எதையெல்லாம் பாக்கெட் பிரித்து ஊற்றி மறைத்திருக்கிறாள்? மச்சானின் முதுகு ஆபரேஷனை எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள்.

"மிச்சத்த நான் வெட்டறேன்" என்றேன்.

"நீ எதுக்கு? சட்டை பாழாப் போயிரும். உக்காரு."

"இதுதாங்க்கா என் தொழில். பதினாலு வருஷமா இதைத்தான் பண்றேன்." லேண்ட்ஸ்கேப் என்று சொல்லவில்லை. முதல் தடவையாக ஊரில் ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் தயங்கித் தயங்கி இயந்திரத்தை என் தோளில் மாட்டிவிட்டாள். கிளப்பினேன். நீலப் புகை. கை தானாகப் பழகிய வேலையைச் செய்தது. இடுப்பிலிருந்து திரும்பி, வலமிருந்து இடமாக, ஒரே சீராக. பின்னால் பழனியம்மா, "அம்மணி, உங்க தம்பி நல்லாத்தான் வெட்டறாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. மரத்தைச் சுற்றி, மெல்போர்னில் ரோஜாப் பாத்தியைச் சுற்றி வெட்டுகிற மாதிரி, ஒட்ட ஒட்ட வட்டமாகச் சீவினேன். அந்த ஊர்ப் புல்லுக்குள் ஒன்றும் இருக்காது. தோப்புப் புல்லுக்குள் சொட்டுநீர்க் குழாய் கிடந்தது.

விசுக் என்று ஒரு சத்தம். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராக என் முகத்தில் அடித்தது. இயந்திரத்தை அணைத்துக் கீழே போட்டுவிட்டு அறுந்த குழாயைக் கையால் பொத்தினேன், அது விரலிடுக்கில் நாலு பக்கமும் பீய்ச்சியது. அக்கா ஓடிவந்தாள்.

"ஏண்டா எருமெ! கண்ணு பொடனீலயா இருக்குது? கொழா கெடக்கறது தெரியல? தோப்புன்னா கொழா இருக்குமுன்னு கூடவா மறந்துபோட்ட? வட்டம் போடறானாமா வட்டம்! வெட்டச் சொன்னா வெட்டோணும், கோலமாடா போட்டுக்கிட்டிருக்கற? உன்னைய ஆருடா மிசினைத் தொடச் சொன்னா, கெரகம் புடிச்சவனே! மடக்கிப் புடிடா அதை!"

நான் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது, சட்டை உடம்போடு ஒட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்படியொரு சந்தோஷம். இன்னும் திட்டு அக்கா, நிறுத்தாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். பழனியம்மா பக்கம் ஒருதரம் பார்த்தாள். ஒரம்பரைக்கு வந்தவனைத் திட்டிவிட்டது நினைவுக்கு வந்ததுபோல முகம் மாறிப்போனது. முந்தானையை எடுத்து என் முகத்தை ஒற்றினாள்.

"உட்டுத் தள்ளு கண்ணு. அது பழைய கொழா. நீ வெட்டலீன்னாலும் நாளைக்கு அதே அறுந்திருக்கும். ஏதோ ஒரு வேகத்துல பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காத சாமி. நீ போய் அந்தச் சேர்ல உக்காரு. பழனியம்மா, தம்பிக்கு அந்தத் துண்டை எடுத்துக் குடு."

இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் குழாயை என் கையிலிருந்து வாங்கி, ஒரு குச்சியைச் செருகி, துணியால் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் போய் மோட்டார் ரூம் முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழனியம்மா துண்டைக் கொடுத்தாள். அக்கா இயந்திரத்தைத் தோளில் மாட்டினாள், கயிற்றை இழுத்தாள், ஒரே இழுப்பில் கிளம்பியது. புல்லுக்குள் இறங்குவதற்கு முன்பு, நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.